புள்ளி தெரிய வேண்டும்: கிராணி மாமாவுக்கு ஒரு மானிட்டர்

"தம்பி, பசியாறிட்டு ஒரு எட்டு இங்க வந்துட்டுப் போறியா? இந்த மானிட்டர் ரெண்டு செகண்டுக்கு மேல நிக்க மாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராணி மாமா போன் செய்தால் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 35 ஆண்டு கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர். அவர் எழுதிய செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) பெயர் விழுந்துதான் என் அப்பா சம்பளம் வாங்கினார். இப்போது 71 வயது. டவுனை ஒட்டிய தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) அத்தையோடு இருக்கிறார். கித்தா (ரப்பர்) மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்தாயிற்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் இடித்தாயிற்று. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலை மாமா எக்செல்லில் தட்டிக்கொண்டிருக்கிறார். எந்த லயம், எத்தனாம் நம்பர் வீடு, பாலுக்கு மரம் வெட்டினாரா, ஸ்டோரில் வேலையா, ஊரில் எந்தக் கிராமத்திலிருந்து வந்த குடும்பம், எங்கள் ஊர்க்காரரும் அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்ந்தாரா இல்லையா, ஆயாக் கொட்டாயில் யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி. 1,400 வரி தாண்டிவிட்டது. அந்த வேலை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்பதுதான் எனக்கும் ஆசை.

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சுவிட்சைத் தட்டினால் இரண்டு விநாடி படம் பளிச்சென்று வருகிறது, உடனே இருட்டு. திரை முழுதாகச் செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே டெஸ்க்டாப் படம் மங்கலாக, ஆழத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. படம் வரைகிற பகுதி நலம். பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் போயிருக்கிறது.

2008-இல் வந்த 17 அங்குலச் சதுர மானிட்டர் அது. அந்தக் காலத்துத் திரைகளில் எல்இடி கிடையாது. பென்சிலைவிட மெல்லிய குழல் விளக்குகள் மேலேயும் கீழேயும் ஓடும். ஒரு குழல் சரியாக மின்சாரம் இழுக்காவிட்டாலும் அதை ஓட்டுகிற சர்க்யூட் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்த இரண்டு விநாடிக் கணக்கு அதுதான். பிளக்கைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் விட்டுத் திறந்தேன். பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் 400 வோல்ட் வகை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். சிறிய கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் பத்து வெள்ளியில் (ரிங்கிட்டில்) மாற்றிவிட்டுக் கிளம்பியிருப்பேன். எல்லாம் தட்டையாகத்தான் இருந்தன. கீழ்க் குழலின் இரண்டு முனையும் சுட்ட கத்தரிக்காய்போலக் கறுத்திருந்தது. இனி இந்தக் குழலைத் தேடி வாங்கி உடையாமல் மாட்டுவது வீண் செலவு.

"புதுசா வாங்கிடலாம் மாமா."

"வாங்கு. ஆனா எனக்குப் புள்ளி தெரியணும் தம்பி."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் மானிட்டர் தேர்ந்தெடுத்தேன். அவர் சொன்ன புள்ளி, மெய்யெழுத்தின் தலையில் இருக்கிற புள்ளி. எக்செல்லில் 11 பாயின்ட் அளவில் தட்டும்போது ஓர் எழுத்துக்கு உயரவாக்கில் ஏறக்குறைய 15 பிக்சல்தான் (திரையின் மிகச் சிறிய கட்டம்) கிடைக்கிறது. அதில் புள்ளிக்கு வாய்ப்பது அகலத்தில் இரண்டு பிக்சல், உயரத்தில் இரண்டு பிக்சல். அந்த நாலு பிக்சல் கலங்கினால் 'ன்' எது 'ன' எது என்று தெரியாது. மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' இரண்டும் ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். ஆங்கில எழுத்தை வைத்து மானிட்டரைச் சோதிக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. மனிதர்களின் பெயரைப் பதிவு செய்கிறவருக்கு இது உயிர்.

கடைக்குப் போகும் முன் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து அதன் முதுகைப் பார்த்தேன். நீங்களும் இதை முதலில் செய்யுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் இருப்பது ஈப்போவில் 450 வெள்ளிக்கு வாங்கிய பழைய டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020. ஏதோ அலுவலகத்தில் ஓடி முடித்த பெட்டி, நாலாம் தலைமுறை ஐ5. பின்னால் மானிட்டர் கேபிளைச் சொருகும் போர்ட்டுகள்: நீல நிற விஜிஏ ஒன்று, டிஸ்ப்ளே போர்ட் இரண்டு. எச்டிஎம்ஐ கிடையாது. அலுவலகங்களிலிருந்து வெளியே வரும் பழைய பெட்டிகள் பலவும் இப்படித்தான். மலிவு மானிட்டர்களிலோ எச்டிஎம்ஐயும் விஜிஏயும் மட்டும் இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது விஜிஏ ஒன்றுதான் என்பதால் ஜனங்கள் அதையே சொருகிவிட்டு, எழுத்து மங்கல் என்று கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள்.

போர்ட்டுகளை அடையாளம் காண்பது சுலபம். விஜிஏயில் மூன்று வரிசையில் 15 துளை, இரு பக்கமும் திருகாணி. டிவிஐ வெள்ளை நிறத்தில் அகலமாக இருக்கும், அதற்கும் திருகாணி உண்டு. எச்டிஎம்ஐக்குக் கீழ் மூலை இரண்டும் உள்வாங்கியிருக்கும். டிஸ்ப்ளே போர்ட்டுக்கு ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்ட பெட்டியாக இருந்தால், மேலே உள்ள போர்ட்டில் சொருகாமல் கார்டில் உள்ள போர்ட்டில் சொருக வேண்டும். இதைத் தெரியாமல் "படமே வரல" என்று என்னிடம் வந்த பெட்டிகள் மூன்று.

மாமாவின் காசில் சோதனை செய்ய எனக்கு மனமில்லை. என் வீட்டு மானிட்டரைக் காடியில் ஏற்றிக்கொண்டு திங்கள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். 24 அங்குலம், 1920க்கு 1080 பிக்சல், 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 தடவை படம் புதுப்பிக்கும்), எச்டிஎம்ஐ ஒன்று, விஜிஏ ஒன்று.

முதலில் விஜிஏ. சொருகினேன். படம் வந்தது, ஆனால் எல்லாம் பக்கவாட்டில் உப்பித் தெரிந்தது. விண்டோஸ் 1024க்கு 768க்கு மேல் தர மறுத்தது. மானிட்டரின் பெயர் வர வேண்டிய இடத்தில் யாரென்றே தெரியாத பொது மானிட்டர் என்று இருந்தது. கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ஊசிகளை எண்ணினேன். கடைசி வரிசையில் 11 முதல் 15 வரை ஐந்து ஊசி வேண்டும். 12 இல்லை, 15 இல்லை. மானிட்டர் "நான் இன்னார், எனக்கு இந்த அளவு படம் வேண்டும்" என்று பெட்டியிடம் சொல்வது இந்த இரண்டு ஊசி வழியாகத்தான். அந்தப் பேச்சு அறுந்ததால் பெட்டி பயந்து சிறிய அளவையே தந்திருக்கிறது. 9-ஆம் ஊசி இல்லாத கேபிள்கள் நிறைய உண்டு, அதனால் பாதகமில்லை. 12-உம் 15-உம் இல்லாத கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

அலமாரியில் இருந்த இன்னொரு கேபிளைப் போட்டதும் 1920க்கு 1080 வந்தது. மாமா தன் கோப்பைத் திறந்தார். மூக்கைத் திரைக்கு இரண்டு சாண் அருகில் கொண்டுபோனார்.

"தம்பி, எழுத்துக்குப் பக்கத்துல நிழல் விழுது."

உண்மைதான். ஒவ்வொரு செங்குத்துக் கோட்டின் வலப்பக்கமும் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கசிவு. விஜிஏ 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது, பழைய குழல் மானிட்டருக்காகச் செய்தது. பெட்டிக்குள் எண்ணாக இருக்கும் படத்தை ஏறி இறங்கும் மின் அலையாக்கி அனுப்பும். தட்டைத் திரை அதை வாங்கி, பிக்சல் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று ஊகித்துத் திரும்ப எண்ணாக்க வேண்டும். ஊகம் அரைப் பிக்சல் பிசகினால் பக்கத்துப் பிக்சலின் கறுப்பு இங்கே கசிகிறது. மானிட்டரில் உள்ள ஆட்டோ பொத்தான் இந்த ஊகத்தை மறுபடி செய்யச் சொல்லும் பொத்தான். காலித் திரையில் அதை அழுத்திப் பயனில்லை. கறுப்பும் வெள்ளையுமாக எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திரை முழுக்க விரித்துவிட்டு அழுத்த வேண்டும். செய்தேன், முக்கால்வாசி சரியாயிற்று. விஜிஏயை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். ஆனால் 'ண்ண' என்று வருகிற இடத்தில் மட்டும் புள்ளி இன்னும் சுழியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் 2010 டிசம்பரிலேயே விஜிஏயைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டன. அதை நம்பி இனிப் புது மானிட்டர் வாங்குவது சரியல்ல.

செவ்வாய் மாலை 22 வெள்ளிக்கு ஒரு கேபிள் வாங்கிப் போனேன். ஒரு முனை டிஸ்ப்ளே போர்ட், மறுமுனை எச்டிஎம்ஐ. இந்த வகைக் கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளே போர்ட் முனை பெட்டியில்தான், எச்டிஎம்ஐ முனை திரையில்தான். மடிக்கணினியின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் போக இதைத் திருப்பிப் போட்டால் படம் வராது. அந்தத் திசைக்குச் சில்லு வைத்த, தனியாக மின்சாரம் வாங்குகிற மாற்றி வேண்டும். இந்த வேறுபாட்டைக் கேட்டு வாங்குங்கள், கடைப் பையன்களுக்கே சமயத்தில் தெரிவதில்லை.

படம் வந்தது. நிழல் ஒழிந்தது. எழுத்து செதுக்கி வைத்தாற்போல் நின்றது. ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை, கரிச் சாம்பல்போல் இருந்தது. வெள்ளையும் மங்கல். மாமா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெட்டி மறுமுனையில் எச்டிஎம்ஐயைப் பார்த்ததும் அதை டிவி என்று எண்ணிக்கொள்கிறது. டிவிக்கான வழக்கப்படி, 0 முதல் 255 வரை இருக்க வேண்டிய நிற அளவை 16 முதல் 235 வரைக்குள் சுருக்கி அனுப்புகிறது. மானிட்டர் 0-வைத்தான் கறுப்பு என்று எதிர்பார்க்கிறது, வருவதோ 16. இன்டெல் கிராபிக்ஸ் செட்டிங்கில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் நிற வீச்சை லிமிடெட்டிலிருந்து ஃபுல்லுக்கு மாற்றினேன். மை ஊற்றியதுபோல் கறுப்பு இறங்கியது. உங்கள் மானிட்டர் வெளிறித் தெரிந்தால் மானிட்டரைத் திட்டும் முன் இந்த இடத்தைப் பாருங்கள்.

இன்னொன்று மிச்சமிருந்தது. என் மானிட்டர் 100 ஹெர்ட்ஸ், இங்கே 60-க்கு மேல் பட்டியலிலேயே வரவில்லை. என் மடிக்கணினியை எச்டிஎம்ஐயில் நேராகச் சொருகினால் 100 வருகிறது, ஆகவே திரையில் குற்றமில்லை. குற்றம் அந்த மாற்றுக் கேபிளில். சில்லு இல்லாத சாதாரண வகைக்குப் படம் அனுப்பும் வேகத்தில் 165 மெகாஹெர்ட்ஸ்தான் எல்லை. 1080-ஐ 60 ஹெர்ட்ஸில் அனுப்ப 148.5 மெகாஹெர்ட்ஸ் போதும், எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. 100 ஹெர்ட்ஸுக்கு 235 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு வேண்டும், அடங்காது. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கே நேராகப் போனால் இந்த எல்லை குறுக்கே வராது.

கணக்கு எழுதுகிற 71 வயதுக்காரருக்கு 100 ஹெர்ட்ஸ் எதற்கு என்று கேட்கலாம். 60-லேயே அவர் நன்றாக வாழ்ந்துவிடுவார், அது உண்மை. 165, 180 என்று அச்சிட்டு விற்கும் விளையாட்டு மானிட்டருக்கு அவர் ஒரு வெள்ளிகூடக் கூடக் கொடுக்க வேண்டாம். ஆனால் 1,400 வரியை மேலும் கீழும் உருட்டும்போது பெயர்கள் வழுக்கி ஓடாமல் நிற்பதும், எலிக்குறி எங்கே போயிற்று என்று தேடாமல் இருப்பதும் 100-இல் நன்றாகவே தெரிகிறது. இப்போது விலை குறைந்த மானிட்டர்களிலேயே 100 வந்துவிடுகிறது. இருப்பதை ஏன் கேபிளுக்காக இழக்க வேண்டும்?

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மாமாவோடு ஈப்போவுக்குப் போனேன். கடையில் வரிசையாகத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே கடல், ஒரே மீன். அதைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது, மீனுக்குப் புள்ளி வைக்க வேண்டியதில்லை. நான் மடிக்கணினியும் ஒரு சோதனைப் பக்கமும் கொண்டு போயிருந்தேன். நிர்மலா யுஐ எழுத்துருவில் 11 பாயின்ட்டில் மாமாவின் பட்டியலிலிருந்தே எடுத்த வரிகள்: அம்மாக்கண்ணு, சின்னான், சின்னன், கண்ணம்மா, பழநியம்மாள், காத்தான், இருளாண்டி. கீழே தனி எழுத்துகள்: ண ன, ல ள ழ, ஃ. சொருகிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் முதலில் யோசித்தார், மாமாவின் வயதைப் பார்த்து ஒத்துக்கொண்டார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அங்கே ஒரு வாதம் நடந்தது. விற்பனைப் பையன் 27 அங்குலத்தைக் காட்டி, "வயசானவங்களுக்குப் பெருசுதான் நல்லது அங்கிள்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 27-உம் 1920க்கு 1080தான். 24 அங்குலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 36 பிக்சல் விழுகிறது, அந்த 27-இல் 32தான். எழுத்து எட்டில் ஒரு பங்கு பெரிதாகும், ஆனால் அதே 15 பிக்சலில் வரைந்த எழுத்துதான் பெரிதாகும். புள்ளி அதே நாலு பிக்சல், ஒவ்வொன்றும் பருத்திருக்கும். படிக்கட்டு விளிம்பு கண்ணில் படும். அதற்குப் பதில் 24-இல் எக்செல்லை 130 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் எழுத்துக்கு 20 பிக்சல் கிடைக்கிறது. புள்ளிக்கு மூன்றுக்கு மூன்று கிடைக்கிறது. அப்போதுதான் அது உருண்டையாகிறது, சுழிக்குள்ளே வெள்ளை தெரிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமாவையே பார்க்கச் சொன்னேன். அவர் 'அம்மாக்கண்ணு' மேல் விரல் வைத்து இரண்டு தடவை மாறி மாறிப் பார்த்துவிட்டு 24-ஐக் காட்டினார். 27-இல் 2560க்கு 1440 இருந்தால் கதை வேறு, சென்டிமீட்டருக்கு 43 பிக்சல். அது 599 வெள்ளி. காசு இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

பேனல், அதாவது படம் காட்டுகிற திரைத் தகடு விஷயத்தில், பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. மாமா தட்டுவார், அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழைய நோட்டைப் படித்துச் சொல்லுவார், திரையையும் பார்ப்பார். விஏ பேனலில் கறுப்பு அழகாக இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும், உருட்டும்போது கறுப்பு எழுத்து வால் இழுக்கும். டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் தூக்கினாலே நிறம் மாறும்.

கடைசியில் இரண்டு 24 அங்குல ஐபிஎஸ் நின்றன, இரண்டும் 100 ஹெர்ட்ஸ். ஒன்றில் எச்டிஎம்ஐயும் விஜிஏயும், விலை 299 வெள்ளி. மற்றதில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும், விலை 339. மாமா 40 வெள்ளியைப் பெரிதாக நினைக்கிற மனிதர். அந்த 40 வெள்ளி எதற்கு என்று முந்தைய இரண்டு மாலையும் அவர் கண்ணாலேயே பார்த்திருந்ததால் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 339-ஐ எடுத்தோம்.

அட்டைப் பெட்டியில் எச்டிஎம்ஐ கேபிள் மட்டும்தான் இருந்தது. டிஸ்ப்ளே போர்ட் கேபிள் தனியாக 15 வெள்ளிக்கு வாங்கினேன். அதுதான் நான் செய்த தவறு.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் எல்லாம் ஒழுங்காக வந்தது. 1920க்கு 1080, செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே வரை போய் 60-ஐ 100 ஆக்கினேன். இதைக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் தானாகச் செய்து தராது, கையால் மாற்ற வேண்டும். பல பேர் 100 ஹெர்ட்ஸ் வாங்கி ஆண்டுக்கணக்காக 60-இல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எச்டிஎம்ஐயில் வந்த சாம்பல் கறுப்பும் இங்கே இல்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை போன். "தம்பி, கம்ப்யூட்டர் எழும்ப மாட்டேங்குது. ஆஃப் பண்ணினாலும் முன்னால லைட்டு மினுக்கு மினுக்குன்னு இருக்கு."

புது மானிட்டரால் பழைய பெட்டி போய்விட்டதோ என்று என் வயிறு கலங்கியது. போய், பெட்டியின் மின்சாரத்தை முழுதாகப் பிடுங்கினேன். அப்போதும் முன் விளக்கில் ஒரு செத்த மினுக்கல். சுவரிலிருந்து மின்சாரமே வராத பெட்டியில் விளக்கு எரிந்தால், அது வேறெங்கோ இருந்து வர வேண்டும். மானிட்டர் கேபிளைக் கழற்றினேன், விளக்கு அணைந்தது. மறுபடி மின்சாரம் கொடுத்துச் சுவிட்சைப் போட்டேன், பெட்டி எழுந்தது.

டிஸ்ப்ளே போர்ட்டில் 20 ஊசி. 20-ஆம் ஊசியில் 3.3 வோல்ட் இருக்கும். சிறிய மாற்றிகளுக்குத் தீனி கொடுக்க வைத்த ஊசி அது. பெட்டியும் அதில் மின்சாரம் தரும், மானிட்டரும் தரும். அதனால்தான் இரண்டையும் இணைக்கிற சாதாரணக் கேபிளில் அந்த ஒரு கம்பியை மட்டும் இணைக்கக் கூடாது என்பது விதி. சில மலிவுக் கேபிள்களில் விதியைப் பார்க்காமல் எல்லாக் கம்பியையும் இணைத்துவிடுகிறார்கள். அணைந்த பெட்டிக்குள் மானிட்டரின் மின்சாரம் பின்வாசல் வழியாக நுழைகிறது. அத்தையிடம் இரண்டு தையல் ஊசி வாங்கி, மின் இணைப்பைச் சோதிக்கும் மீட்டரின் இரு முனையிலும் சுற்றிக் கட்டி, கேபிளின் இரு தலையிலும் 20-ஆம் துளையில் நுழைத்தேன். மீட்டர் 'பீப்' என்றது. சரியான கேபிளாக இருந்தால் அங்கே மௌனமாக இருக்க வேண்டும்.

அதைக் கத்தரியால் இரண்டாக வெட்டினேன். வேறு யார் கைக்கும் போகக் கூடாது. தரச் சான்று பெற்ற கேபிள் 35 வெள்ளி, அதை வாங்கி மாட்டும் முன் அதையும் ஊசி விட்டுச் சோதித்தேன். மௌனம். அன்றிலிருந்து பெட்டி ஒழுங்காக எழுகிறது. கேபிளில் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். விஜிஏ கேபிள் மட்டமாக இருந்தால் படம் மங்கும். டிஸ்ப்ளே போர்ட் கேபிள் மட்டமாக இருந்தால் பெட்டிக்கே ஆபத்து. இந்தக் கேபிளைக் கழற்றும்போது தலையில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். உள்ளே இரண்டு கொக்கி இருக்கிறது, அழுத்தாமல் பிடுங்கினால் போர்ட்டே பெயர்ந்து வரும்.

திரையை வைக்கிற உயரத்தில் நான் ஒரு பாடம் கற்றேன். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பதுதான் எல்லாரும் சொல்வது. கித்தாப் பலகையில் ஒரு சின்ன மேடை செய்து அதன்மேல் வைத்தேன். மாமா பத்து நிமிடம் தட்டினார், கழுத்தைப் பின்னால் பிடித்துவிட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் போட்டிருப்பது இரட்டைக் கண்ணாடி. கிட்டப் பார்க்கிற கண்ணாடி கீழ்ப் பாதியில் இருக்கிறது. உயரத்தில் இருக்கிற திரையை அந்தக் கீழ்ப் பாதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. மேடையை எடுத்துவிட்டு மேசை மேலேயே வைத்து, திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தேன். மோவாய் இறங்கியது, கழுத்து வலி போயிற்று. மேடையில் இப்போது அத்தை சாமி படம் வைத்திருக்கிறார்.

புது மானிட்டரின் வெளிச்சம் கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் மிக அதிகமாக இருக்கும். மாமாவுக்குப் போன ஆண்டு கண்புரை அறுவை ஆனது, அவ்வளவு வெளிச்சத்தில் கண்ணீர் வருகிறது. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றுபோல் தெரிகிற வரைக்கும் இறக்கினேன். பகலில் 35, இரவில் 20-இல் நிற்கிறது. ஜன்னல் திரைக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில் வரும்படி மேசையையும் திருப்பினோம்.

மழைக்காலத்தில் இங்கே மாலை நாலு மணிக்கு மேல் இடி சும்மா இருக்காது. சுவிட்சை அடைத்தால் போதாது, மூன்று கால் பிளக்கையே சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். இன்டர்நெட் மோடத்துக்கும் அதேதான், இடி கேபிள் வழியாகவும் வரும். மாமா மறந்தாலும் அத்தை மறக்க மாட்டார்.

செலவு: மானிட்டர் 339, சரியான கேபிள் 35, வெட்டி எறிந்தது 15. மாற்றுக் கேபிள் 22-ஐ நான் வைத்துக்கொண்டேன், யாருக்காவது உதவும்.

நேற்று என் மானிட்டரை எடுத்துப்போகப் போனேன். மாமா 212-ஆம் வரியில் இருந்தார். "இங்க பாரு தம்பி." மூன்று ஆண்டுக்கு முன் அவர் தட்டிய பெயர் அது. நாலாம் லயம், ஏழாம் நம்பர் வீடு, ஆயாக் கொட்டாயில் வேலை செய்தவர். 'அம்மாக்கன்னு' என்று இருந்தது. "இத்தனை நாள் இந்தக் கிழவி பேரத் தப்பா வெச்சிருந்திருக்கேன்" என்றார். மூன்று சுழியைப் போட்டார், புள்ளியும் விழுந்ததா என்று குனிந்து பார்த்தார். பிறகு முதல் வரிக்கு ஏறிப் போய், ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு கீழே வர ஆரம்பித்தார். அத்தை எனக்கு ஒரு தே ஓ வைத்துவிட்டு, பழைய நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.